"மூளை இருக்கு டீச்சர், உட்காரத்தான் மாட்டேங்குறான்"

பெற்றோர் கூட்டத்தில் 24 வருடமாக நான் கேட்கிற வாக்கியங்கள் இரண்டுதான். "நல்லா மூளை இருக்கு டீச்சர், உட்கார்ந்து படிக்கத்தான் மாட்டேங்குறான்" என்பது ஒன்று. "ராத்திரி 12 மணி வரைக்கும் புத்தகமும் கையுமா இருக்கா டீச்சர், மார்க்குதான் வரமாட்டேங்குது" என்பது இன்னொன்று. முதலாவதைச் சொல்கிறவர்கள் முகத்தில் கவலைக்கு நடுவிலும் ஒரு பெருமை தெரியும். இரண்டாவதைச் சொல்கிறவர்களுக்குக் குரலே இறங்கிவிடும், பிள்ளை பக்கத்தில் நிற்பதைக்கூட மறந்து "இவளுக்கு அவ்வளவுதான் ஏறும் போல" என்று முடிப்பார்கள்.

நான் கும்பகோணம் பக்கத்தில் ஓர் அரசு உதவிபெறும் பள்ளியில் கணக்கு டீச்சர். இந்த இரண்டு வாக்கியத்தையும் நானும் ரொம்ப நாள் நம்பினேன், அதன்படியே பிள்ளைகளைப் பிரித்தும் வைத்தேன். 2021 முதல் 2025 வரை ஒரே செட் பிள்ளைகளோடு ஒன்பதாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை கூடவே போகிற வாய்ப்பு கிடைத்தது (நடுவில் எனக்குப் பதவி உயர்வு வந்து மேல்நிலை வகுப்புக்கு மாறினேன், அவர்களும் அதே வருடம் பதினொன்றுக்கு வந்தார்கள்). அந்த நாலு வருடத்தில் நான் கற்றுக்கொண்டதை எழுதிவைக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டே இருந்தேன். பத்தாவது, பதினொன்றாவது படிக்கும் பிள்ளை வீட்டில் இருக்கிறவர்களுக்கு இது பயன்படும்.

2021 செப்டம்பர் 1-ம் தேதி ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் முகக்கவசத்தோடு வந்து உட்கார்ந்தார்கள். எட்டாம் வகுப்பு முழுவதையும் வீட்டில் கழித்தவர்கள். அதில் ஒரு பையன். 17-ஐ 24-ஆல் பெருக்கினால் என்ன என்று கேட்டு நான் கரும்பலகைப் பக்கம் திரும்புவதற்குள் 408 என்பான். சதவீதம், வட்டி, லாப நட்டம் எதுவானாலும் பேனாவைத் தொடமாட்டான். இன்னொரு பெண், ஜன்னல் ஓரம் மூன்றாவது பெஞ்ச். எழுதும்போது இடது கையால் நோட்டை மூடிக்கொள்வாள், நான் பக்கத்தில் போனால் கை இன்னும் அகலமாகும். நாலு வரி முடிப்பதற்குள் வகுப்பே அடுத்த கணக்குக்குப் போயிருக்கும்.

அடிப்படைத் திறன் சோதிக்க ஒரு தேர்வு வைத்தோம். வழக்கம்போல இரண்டு பட்டியல் தயாரானது, மீத்திறன் மாணவர்கள், மெல்லக் கற்போர். அவன் முதல் பட்டியலில், அவள் இரண்டாவதில். பட்டியல் போடுவதில் தவறில்லை என்றுதான் அப்போது நினைத்தேன். ஆனால் மெல்லக் கற்போர் பட்டியலில் பேர் ஏறிவிட்டால் பத்தாம் வகுப்பில் அந்தப் பிள்ளைக்குக் கையில் கிடைப்பது மினிமம் மெட்டீரியல். செய்முறை வடிவியலில் ஒரு 8 மார்க், வரைபடத்தில் ஒரு 8 மார்க், உறவுகளும் சார்புகளும், அணிகள், கொஞ்சம் புள்ளியியல், 14 ஒரு மார்க் கேள்விகளில் கிடைத்த வரை. எப்படியாவது 35 தாண்டவேண்டும், அதுதான் இலக்கு. முக்கோணவியல் அந்த மெட்டீரியலில் பேருக்கு இரண்டு கணக்கோடு நிற்கும். "இவளுக்கு ஏறாது" என்று நாம் முதலில் முடிவு கட்டுகிறோம், அப்புறம் அந்தப் பாடத்தையே அவளுக்கு நடத்தாமல் விடுகிறோம், கடைசியில் அவளுக்கு அது தெரியவில்லை என்பதையே நம் முடிவுக்குச் சாட்சியாகவும் வைத்துக்கொள்கிறோம். இதை நான் செய்திருக்கிறேன். பல பிள்ளைகளுக்குச் செய்திருக்கிறேன்.

அவனுக்குச் செய்தது வேறு. ஒரு நாள் வகுப்பு முன்னால், ரொம்பப் பிரியமாக, "உனக்கெல்லாம் படிக்கவே வேண்டாம்டா, பார்த்தாலே வந்துடும்" என்றேன். அவன் காது சிவந்தது, சிரித்தான். அதற்கப்புறம் ஸ்டெப் எழுதுவதை அவன் கிட்டத்தட்ட நிறுத்திவிட்டான், நானும் கேட்கவில்லை, விடைதான் சரியாக இருக்கிறதே.

2023 ஏப்ரலில் பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு. கணக்கில் அவன் 96, அவள் 61.

மெல்லக் கற்போர் பட்டியலில் இருந்த பெண் 61 எடுத்தது எங்கள் எல்லோருக்கும் சந்தோஷம்தான், ஆனால் பதினொன்றில் அவள் கணக்கு குரூப் கேட்டபோது யாருக்கும் சம்மதமில்லை. "ஆர்ட்ஸ் குரூப் எடும்மா, நிம்மதியா இருக்கும்" என்றார்கள். அவள் அப்பா லோடு ஆட்டோ ஓட்டுகிறவர், "டீச்சர் என்ன சொல்றாங்களோ அதைச் செய்" என்று என்னைப் பார்த்தார். நான் அவளைத் தனியாகக் கூப்பிட்டு, "கணக்கு உனக்குக் கஷ்டமா இருக்குமே" என்றேன். அவள் சொன்ன பதில் அப்படியே நினைவிருக்கிறது. "எனக்கு எது வரலைன்னு எனக்கே தெரியல டீச்சர். நீங்க அதைக் கண்டுபிடிச்சுச் சொன்னா நான் படிச்சிக்கிறேன்."

இரண்டு வருடம் அவளுக்குக் கணக்கு எடுத்த எனக்கும் அது தெரியாது. வராது என்று தெரியும், எது என்று தெரியாது.

அன்று சாயங்காலம் அவளுடைய பழைய விடைத்தாள்களைக் கொண்டுவரச் சொல்லி, மார்க்கைப் பார்க்காமல் தப்புகளை மட்டும் எண்ணினேன். மொத்தம் 26 தப்பு. அதில் 19 இரண்டே இடத்தில் இருந்து வந்தவை. இருபடிக் கோவையைக் காரணிப்படுத்தத் தெரியவில்லை, அடைப்புக்குறிக்கு முன்னால் கழித்தல் குறி இருந்தால் உள்ளே போகும்போது குறி மாறுவது பிடிபடவில்லை. இரண்டும் ஏழு, எட்டாம் வகுப்பு வேலை. எட்டாம் வகுப்பில் எங்கே இருந்தாய் என்று கேட்டால், வீட்டில் ஒரே செல்போன், அது அப்பாவோடு லோடுக்குப் போய்விடும், கல்வித் தொலைக்காட்சியில் வந்ததை முடிந்த நாளில் பக்கத்து வீட்டில் பார்த்திருக்கிறாள். அவ்வளவுதான். மூளைக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. இடிந்துபோன ஒரு படிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு மேலே ஏற வராதவள் என்று நாங்கள் பேர் வைத்திருந்தோம்.

ஆறு வாரம், பள்ளி விட்டதும் 40 நிமிடம், எட்டாம் வகுப்புப் புத்தகம். பதினொன்றாம் வகுப்புப் பெண் எட்டாம் வகுப்புப் புத்தகத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்தால் மற்றப் பிள்ளைகள் கேலி செய்யும் என்று அட்டைக்குப் பிரவுன் பேப்பர் போட்டுக் கொடுத்தேன். பிள்ளைக்குக் கணக்கு வரவில்லை என்று நினைக்கிற பெற்றோருக்கு முதலில் நான் சொல்வது இதைத்தான், டியூஷன் சேர்ப்பதற்கு முன்னால் கடைசி மூன்று விடைத்தாளை எடுத்து வையுங்கள், எந்தத் தப்பு திரும்பத் திரும்ப வருகிறது என்று டீச்சரை உட்காரவைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். பெரும்பாலும் இரண்டு, மூன்று இடங்களில் முடிந்துவிடும். டியூஷனில் இந்த வருடப் பாடத்தைத்தான் இன்னொரு தடவை நடத்துவார்கள், ஓட்டை மூன்று வருடத்துக்கு முன்னால் இருந்தால் அது அப்படியேதான் இருக்கும்.

செப்டம்பர் வாக்கில் முக்கோணவியல் நடத்திக்கொண்டிருந்தேன். ஒரு வியாழக்கிழமை கரும்பலகையில் ஒரு கணக்கு எழுதிப்போட்டேன்: காஸ் 20° × காஸ் 40° × காஸ் 80° = 1/8 என நிரூபி. தெரிந்த வழி ஒன்று உண்டு, சைன் 20°-ஐக் கொண்டு பெருக்கி வகுத்தால் இரட்டைக் கோணம் ஒன்றின்மேல் ஒன்றாக விழுந்து முடிந்துவிடும். அதை நான் சொல்லவில்லை. பெருக்கலைக் கூட்டலாக மாற்றும் சூத்திரங்களை அதற்கு முந்தைய நாள்தான் நடத்தியிருந்தேன்.

அவன் அட்டவணையில் மூன்று மதிப்பையும் பார்த்தான். 0.94, 0.77, 0.17 என்று முணுமுணுத்துக்கொண்டு மனக்கணக்காகவே பெருக்கி, "கிட்டத்தட்ட 0.125 வருது டீச்சர், சரிதான்" என்றான். அபாரமான வேகம், இப்போது நினைத்தாலும் ஆச்சரியமாக இருக்கிறது. "சரின்னு தெரியுது, நிரூபி" என்றேன். இரண்டு நிமிடம் பார்த்தான். பேனா மூடியைக் கழற்றினான், மாட்டினான், மறுபடி கழற்றினான். "இந்த மாடல் நீங்க நடத்தலையே டீச்சர்" என்று நோட்டை மூடிவிட்டான்.

அவள் எதுவும் சொல்லவில்லை. சனிக்கிழமை ஸ்பெஷல் கிளாஸுக்கு ரஃப் நோட்டைக் கொண்டுவந்தாள். மூன்று பக்கம். முதல் பக்கம் முழுக்க 80-ஐ 90 − 10 என்று எழுதி, அது எங்கும் போகாமல் குறுக்குக் கோடு. இரண்டாவது பக்கத்தில் 40-ஐ 60 − 20 என்று விரித்து, அதுவும் பாதியில் நின்று ஒரு கோடு. மூன்றாவதில் காஸ் 20°-ஐயும் காஸ் 40°-ஐயும் கூட்டலாக மாற்றி, மீதியைக் காஸ் 80°-ஆல் பெருக்கி, 1/8 தனியாக வந்து நிற்கிறது, ஆனால் பக்கத்தில் காஸ் 80°-ன் கால் பங்கு இரண்டு தடவை ஒட்டிக்கொண்டிருக்கிறது. "1/8 வந்துடுச்சு டீச்சர், இந்தக் காஸ் 80 தான் போகவே மாட்டேங்குது."

பார்த்ததும் எனக்குத் தெரிந்துவிட்டது, ஒரு இடத்தில் காஸ் 100° வருகிறது, அதைக் காஸ் 80° என்று எழுதியிருக்கிறாள் (100° இரண்டாம் கால்பகுதி, அங்கே காஸுக்குக் கழித்தல் குறி வரவேண்டும்). வாய் வரைக்கும் வந்ததை அடக்கிக்கொண்டு, "100 எந்தக் கால்பகுதியில இருக்கு?" என்று மட்டும் கேட்டேன். அந்த வரியையே பார்த்துக்கொண்டிருந்தாள், ஒரு நிமிடம் இருக்கும். அப்புறம் காஸ் 80°-க்கு முன்னால் மெதுவாக ஒரு கழித்தல் குறி போட்டாள். இரண்டும் அடிபட்டுப் போனது. 1/8 மட்டும் நின்றது. நோட்டை மூடிக்கொள்கிற அந்த இடது கை அன்றைக்கு நோட்டுக்கு வெளியே மேசையில் கிடந்ததை நான் கவனித்தேன்.

எனக்குத் தெரிந்த வழியைவிட அது நீளம், ஆனால் அவளுடைய வழி. புத்திசாலித்தனம் என்றால் அதுதான் என்று எனக்கு அன்றைக்குத் தோன்றியது, உழைப்பு என்றாலும் அதுதான். எது எங்கே முடிந்து எது எங்கே ஆரம்பித்தது என்று அந்த மூன்று பக்கத்தில் கோடு போட்டுப் பிரிக்க என்னால் முடியவில்லை.

காலாண்டில் அவனுக்கு 90-க்கு 41. வாழ்க்கையில் முதல் தடவை. அடுத்த வாரத் தேர்வுக்கு அவன் வரவில்லை, வயிற்றுவலி. அதற்கடுத்த தேர்வுக்கும் வரவில்லை, பாட்டிக்கு உடம்பு சரியில்லை. அரையாண்டுக் கணக்குத் தேர்வன்றும் வரவில்லை. மற்ற டீச்சர்கள் "திமிரு, சோம்பேறி ஆயிட்டான், போன் கெடுத்துடுச்சு" என்றார்கள். 1998-ல் கிளாடியா முல்லர், கேரல் டுவெக் என்ற இரண்டு அமெரிக்க உளவியலாளர்கள் வெளியிட்ட ஓர் ஆய்வைப் பயிற்சி ஒன்றில் கேட்டது எனக்கு அப்போது நினைவுக்கு வந்தது. ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்குப் புதிர்கள் கொடுத்து, சிலரை "நீ புத்திசாலி" என்றும் சிலரை "நல்லா முயற்சி பண்ணியிருக்கே" என்றும் பாராட்டினார்கள். புத்திசாலி என்று கேட்ட பிள்ளைகள் அடுத்ததாகச் சுலபமான புதிரையே அதிகம் தேர்ந்தெடுத்தார்கள், கடினமான ஒன்றில் தோற்றதும் சீக்கிரம் கைவிட்டார்கள், தாங்கள் வாங்கிய மார்க்கைக் கூட்டிச் சொன்னவர்களும் அவர்களில்தான் அதிகம். இதைக் கேட்டபோது தலையாட்டிவிட்டு வந்தவள் நான். என் வகுப்பிலேயே அப்படி ஒரு பிள்ளையை நானே உருவாக்கியிருக்கிறேன் என்பது உறைக்க இத்தனை நாள் ஆனது.

ஜனவரியில் ஒரு சாயங்காலம் அவன் அப்பாவின் மளிகைக் கடைக்குப் போனேன். கல்லாவில் அவன்தான் இருந்தான். ஓர் அம்மா துவரம்பருப்பு அரைக் கிலோ, புளி கால் கிலோ, சீயக்காய், எண்ணெய் என்று வாங்கி முடிக்க முடிக்க அவன் உதடு லேசாக அசைந்தது, மொத்தத்தைச் சொல்லிவிட்டான், 500 ரூபாய்க்கு மீதிச் சில்லறையும் அதே மூச்சில். அவன் அப்பா பெருமையாக, "மூணாம் கிளாஸ்ல இருந்து கல்லாவுல உட்கார்றான் டீச்சர். ஊரடங்கு சமயத்துல முழுக்க இவன்தான் கணக்கு" என்றார்.

எட்டு வருடம். தினமும் இரண்டு மூன்று மணி நேரம், தப்பாகச் சொன்னால் அப்பா திருத்துவார், வாடிக்கையாளர் திருத்துவார். பிறவி மூளை என்று நான் வகுப்பு முன்னால் சொன்னதற்குள்ளே இந்தக் கல்லாப்பெட்டி இருந்திருக்கிறது. எங்கள் ஊர்க்காரர் ராமானுஜனைப் பற்றியும் இப்படித்தான் பேசுகிறோம், தெய்வம் கொடுத்தது என்று. கொடுத்ததில்லை என்று சொல்ல நான் யார், ஆனால் காகிதம் விலை அதிகம் என்று பலகையில் கணக்குப் போட்டு முழங்கையால் அழித்து மறுபடி போட்டுக்கொண்டே இருந்த மனிதர் அவர். கும்பகோணம் அரசுக் கல்லூரியில் கிடைத்த உதவித்தொகையை, மற்றப் பாடங்களைத் தொடாததால் தோற்று, இழந்தவரும் அவர்தான். பிடித்த இடத்தில் அப்படி ஓர் உழைப்பு, பிடிக்காத இடத்தில் அவ்வளவு பெரிய மூளையும் கைகொடுக்கவில்லை.

கடைக்குப் பின்னால் மூட்டைகளுக்கு நடுவில் உட்கார்ந்து அவனோடு பேசினேன். "நான் உனக்குப் படிக்கவே வேண்டாம்னு சொன்னேன் பாரு, அது தப்புடா" என்றேன். அவன் ரொம்ப நேரம் ஒன்றும் பேசவில்லை. அப்புறம் சாக்குச் சணலைப் பிய்த்துக்கொண்டே, "உட்கார்ந்து படிச்சும் வரலைன்னா என்ன டீச்சர் பண்றது? படிக்காம மார்க் போனா பரவாயில்லை, படிக்கலைன்னு சொல்லிக்கலாம்" என்றான். 16 வயதுப் பையன். இதை எத்தனை மாதம் உள்ளே வைத்திருந்தானோ.

"மூளை இருக்கு, உட்கார மாட்டேங்குறான்" என்று சொல்லும் ஒவ்வொரு அப்பா அம்மாவுக்கும் நான் அவனுடைய இந்த வாக்கியத்தைச் சொல்லவேண்டும் என்று ஆசைப்படுகிறேன். உட்காராமல் இருக்கும்வரை அவனுக்கு மூளை இருக்கிறது என்ற பேர் பத்திரமாக இருக்கும். உட்கார்ந்து, அப்புறமும் வரவில்லை என்றால் அந்தப் பேரும் போய்விடும். எல்லாப் பிள்ளையும் இப்படி என்று சொல்லவில்லை, சிலர் நிஜமாகவே விளையாட்டுப் புத்தியில் இருப்பார்கள். ஆனால் தேர்வன்று மட்டும் வயிற்றுவலி வருகிற பிள்ளை சோம்பேறி இல்லை. பயந்திருக்கிறது.

அவனோடு ஓர் ஏற்பாடு செய்துகொண்டேன். வாரத்துக்கு மூன்று கணக்கு, புத்தகத்தில் இல்லாதது. விடையை நான் பார்க்கமாட்டேன், எத்தனை வழியில் முயன்றான் என்பதை மட்டும் எண்ணுவேன், ஒரு கணக்குக்கு 20 நிமிடம் கடிகாரம் பார்த்து உட்காரவேண்டும், தோற்ற வழியை அழிக்கக்கூடாது, ஒரே ஒரு குறுக்குக் கோடு, பக்கத்தில் ஏன் நின்றது என்று ஒரு வரி. முதல் வாரம் வெறும் தாள் வந்தது. இரண்டாவது வாரம் விடை மட்டும் எழுதியிருந்தான், திருப்பிக் கொடுத்துவிட்டேன். மூன்றாவது வாரத்தில் அரைப் பக்கம், கோடு போட்டது, கீழே "இதுக்கு மேல எப்படிப் போறதுன்னு தெரியல". நான் அந்தத் தாளுக்குக் கீழே "நல்ல இடத்துல நின்னிருக்கே" என்று எழுதினேன், உண்மையாகவே நல்ல இடம் அது, இன்னும் இரண்டு வரிதான் பாக்கி.

வேகமான பிள்ளை வீட்டில் இருந்தால் ஆறாவது ஏழாவதிலேயே இதைத் தொடங்கிவிடுங்கள் என்பேன். சுலபமாக வருவதையே திரும்பத் திரும்பச் செய்யவைத்து நூறு வாங்கிக் கொண்டாடாதீர்கள். வாரத்துக்கு ஒரு தடவையாவது முட்டிக்கொண்டு நிற்கிற அனுபவம் அந்தப் பிள்ளைக்கு வேண்டும், சின்ன வயதில், வீட்டில், மார்க் இல்லாத இடத்தில். முதல் முட்டு பதினொன்றாம் வகுப்பில் வந்தால் ரொம்ப வலிக்கும், 2018 முதல் வந்த புதிய பாடத்திட்டப் புத்தகங்களில் அந்த முட்டு நிச்சயம் வரும்.

இனி அந்த இரண்டாவது வாக்கியம், 12 மணி வரை புத்தகமும் கையுமாக இருந்தும் மார்க் வராத பிள்ளை. இதற்கு எனக்கு நினைவு வருவது 2014-ல் பக்கத்து வகுப்பிலிருந்து சந்தேகம் கேட்க வந்த ஒரு பையன், பன்னிரண்டாவது, அப்போது கணக்குக்கு 200 மார்க். நோட்ஸை ஐந்து தடவை பார்த்து எழுதுவான், அழகான கையெழுத்து, நாலு வண்ண மை. மாதத் தேர்வில் 118. "எழுதி எழுதி விரல் வீங்கிடுச்சு டீச்சர்" என்று நடுவிரலைக் காட்டினான், நிஜமாகவே காய்த்துப்போயிருந்தது. அந்த விரலைப் பார்த்த பிறகு இன்னும் உழை என்று சொல்ல யாருக்கும் வாய் வராது.

அவனிடம் நோட்டை மூடிவிட்டு முதல் கணக்கை எழுதச் சொன்னேன். மூன்றாவது வரியில் நின்றுவிட்டான். பார்த்து எழுதும்போது கை உழைக்கிறது, தலை ஓய்வெடுக்கிறது. 2006-ல் ரோடிகர், கார்பிக் என்ற இருவர் கல்லூரி மாணவர்களை வைத்துச் செய்த சோதனை இதற்குப் பொருத்தம். ஒரு பத்தியைத் திரும்பத் திரும்பப் படித்தவர்கள் ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டபோது நன்றாகச் சொன்னார்கள். ஒரு வாரம் கழித்துக் கேட்டபோது, ஒரு தடவை படித்துவிட்டுப் பார்க்காமல் எழுதிப் பார்த்தவர்கள்தான் அதிகம் நினைவு வைத்திருந்தார்கள். திரும்பப் படிக்கிற பிள்ளைக்கு எல்லாம் தெரிந்த மாதிரியே இருக்கும், அதுதான் ஆபத்து. தேர்வு அறையில்தான் தெரியவில்லை என்று தெரியும், வீட்டுக்கு வந்து "என் மூளை இவ்வளவுதான்" என்று முடிவு கட்டிவிடும்.

ஐந்து தடவை எழுதுவதை ஒன்றாகக் குறைத்தோம். அதுவும் மூடிவைத்து. எழுதி முடித்தபின் நோட்டைத் திறந்து பச்சை மையில் திருத்தவேண்டும், மூன்று நாள் கழித்து அந்தப் பச்சை இருக்கிற கணக்குகளை மட்டும் மறுபடி. 12 மணி வரை உட்காரவேண்டிய தேவையே இல்லாமல் போனது, பத்தரைக்குப் படுத்துவிடு என்றேன், அவன் அம்மாவுக்குத்தான் அது குற்றம் செய்கிற மாதிரி இருந்தது. பொதுத்தேர்வில் 163. சென்டம் இல்லை. ஆனால் விரல் சரியாகிவிட்டது.

இன்னொன்றும் சொல்லவேண்டும். முதல் பீரியடில் தூங்குகிற ஒரு பையனை இரண்டு மாதம் வெளியே நிற்கவைத்திருக்கிறேன், அவன் காலை நாலரை மணிக்கு எழுந்து பேப்பர் போட்டுவிட்டு வருகிறான் என்பது தெரியாமல். அந்த வகுப்பிலேயே அதிகம் உழைத்த பிள்ளை அவன்தான். வீட்டு நிலைமை தெரியாமல் ஒரு பிள்ளையை உழைப்பாளி, சோம்பேறி என்று சொல்வதை அதோடு நிறுத்தினேன். அவனுக்கு வேண்டியிருந்தது என் பாடத்தை நாலாவது பீரியடுக்கு மாற்றுவது, அவ்வளவுதான், தலைமையாசிரியர் ஒரே நாளில் மாற்றிக் கொடுத்தார்.

அப்படியென்றால் மூளை என்று ஒன்றுமே இல்லையா, எல்லாம் உழைப்புதானா என்று ஒரு தோழி கேட்டாள். அப்படிச் சொன்னால் பொய். 2007-ல் இங்கிலாந்தில் 70,000-க்கு மேற்பட்ட பிள்ளைகளை வைத்து இயன் டியரி குழுவினர் வெளியிட்ட ஆய்வில், 11 வயதில் எடுத்த அறிவுத்திறன் சோதனைக்கும் 16 வயதில் எழுதிய பொதுத்தேர்வுக்கும் மிக நெருங்கிய தொடர்பு இருந்தது. வகுப்பில் நிற்கிற எந்த டீச்சருக்கும் இது தெரியும், சில பிள்ளைகளுக்கு ஒரு தடவை போதும், சிலருக்கு ஐந்து தடவை வேண்டும். உழைத்தால் எல்லாரும் எல்லாம் ஆகலாம் என்று ஒரு பிள்ளையிடம் சொல்லி, அது உழைத்தும் வராதபோது "நீ சரியா உழைக்கலை" என்பது, மக்கு என்று திட்டுவதைவிடக் கொடுமை. நான் சொல்ல வருவது ஒன்றுதான். 15 வயதில் ஒரு பிள்ளையைப் பார்த்து இது எவ்வளவு மூளை, எவ்வளவு பழக்கம், எவ்வளவு விட்டுப்போன பாடம், எவ்வளவு தூக்கம் என்று பிரித்துச் சொல்ல எனக்குத் தெரியாது, நிறைய அனுபவம் இருந்தும் தெரியாது. பிள்ளை முட்டி நிற்கும்போது அடுத்து என்ன செய்கிறது என்பதை மட்டும் என்னால் பார்க்கமுடியும், அதை மாற்றவும் முடியும்.

அதனால் இப்போது பெற்றோர் கூட்டத்தில் அந்த இரண்டு வாக்கியம் வந்தால் நான் ஒரு கேள்வி திருப்பிக் கேட்கிறேன். "வீட்டுல ஒரு கணக்கு வரலைன்னா என்ன பண்றான்?" முக்கால்வாசிப் பேருக்குத் தெரியாது. கைடைத் திறப்பானா, போனில் தேடுவானா, அழுவானா, தம்பியை அடிப்பானா, அடுத்த கணக்குக்குப் போவானா? ஒரு வாரம் கவனித்துவிட்டு வந்து சொல்லுங்கள் என்று அனுப்புகிறேன். ஓர் அம்மா அடுத்த வாரமே வந்து, "வரலைன்னா உடனே ரப்பரை எடுத்து எல்லாத்தையும் அழிச்சிடுறா டீச்சர்" என்றார். நாங்கள் செய்ததெல்லாம் ரப்பரை வாங்கி வைத்துக்கொண்டதுதான். இரண்டு மாதத்தில் அந்தப் பெண்ணின் ஸ்டெப் மார்க் ஏறியது, பாதி சரியாக இருந்ததை அவள் இத்தனை நாள் அழித்துக்கொண்டிருந்திருக்கிறாள்.

2025 பொதுத்தேர்வில் கணக்கில் அவன் 82 வாங்கினான், அவள் 87. பெரிய வித்தியாசம் இல்லை. அவன் தஞ்சாவூரில் பொறியியல் சேர்ந்தான், முதல் செமஸ்டரில் ஒரு பேப்பர் போய்விட்டது, போன் செய்து சொன்னான், தேர்வுக்குப் போயிருக்கிறான் என்பதே எனக்குப் போதுமாக இருந்தது, "எங்க நின்னுச்சு?" என்று மட்டும் கேட்டேன், அரை மணி நேரம் விவரமாகச் சொன்னான். அவள் கும்பகோணத்திலேயே பி.எஸ்சி. கணக்கு.

அவளுடைய பதினொன்றாம் வகுப்பு ரஃப் நோட்டை என்னிடமே கொடுத்துவிட்டுப் போயிருக்கிறாள். ஒவ்வொரு வருடமும் முக்கோணவியல் நடத்தும்போது அதை வகுப்பில் சுற்றுக்கு விடுவேன். இந்த வருடம் முதல் பெஞ்சில் இருந்த ஒரு பெண் இரண்டு பக்கம் புரட்டிவிட்டு, "எல்லாமே அடிச்சிருக்கே டீச்சர், இந்த அக்கா ஃபெயிலா?" என்று கேட்டாள். மூன்றாவது பக்கத்தைப் பார்க்கச் சொன்னேன். அங்கே கழித்தல் குறி இப்போதும் மற்ற எழுத்தைவிடக் கொஞ்சம் அழுத்தமாக, வேறு பேனாவில், தனியாகத் தெரியும்.